பூவா, தலையா?

1968-ம் ஆண்டில் ஒரு நாள் காலை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு மாது காரை நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஜூரியாக வந்து உட்காரும்படி அவருக்கு அழைப்பு வந்திருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உடையில் குறை சொல்ல முடியாது. நடை மட்டும் தள்ளாடியது.

அதைப் பார்த்துவிட்டார் ஒரு போலீஸ்காரர். விடிந்ததும் விடியாததுமாகக் குடித்துவிட்டு வருகிறாயே, வெட்கமாக இல்லையா என்று நடுத்தெருவிலேயே கேட்டுவிட்டார்.

அந்த அம்மாள் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அவர் பெயர் லியோனோர் வெக்ஸ்லர். உயிரியல் படித்துப் பட்டம் பெற்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். போலீஸ்காரர் திட்டியதைவிட வேறொன்றுதான் அவர் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவருடைய தகப்பனார் இப்படித்தான் தள்ளாடினார். மூன்று அண்ணன் தம்பிகளும் இப்படித்தான் தள்ளாடினார்கள். ஆண்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று சிறு வயதில் யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண்களையும் பெற்றார்.

சொன்னவர்கள் தப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு தகப்பனார் சொன்ன கணக்கு

அந்த வியாதிக்கு ஹண்டிங்டன் நோய் என்று பெயர். 1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது டாக்டர் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தகப்பனாரும் டாக்டர், பாட்டனாரும் டாக்டர். நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் தீவில் மூன்று தலைமுறையாக அவர்கள் ஒரே குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்து வந்ததால், பாட்டனுக்கு வந்தது மகனுக்கும் பேரனுக்கும் வருவதைக் கண்ணால் கண்டிருந்தார்கள். சிறு பையனாகத் தகப்பனாரோடு வண்டியில் போகும்போது, ஒரு தாயும் மகளும் உடம்பை முறுக்கி, முகத்தைக் கோணிக்கொண்டு ரோட்டில் நடந்து வந்த காட்சியை ஹண்டிங்டன் கடைசிவரை மறக்கவில்லை.

நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் தலைகாட்டும். முதலில் கை காலில் சின்னத் துடிப்பு. காரணமில்லாத கோபம், மறதி, மனச்சோர்வு. பிறகு உடம்பு தன் சொல்லைக் கேட்காமல் ஆடத் தொடங்கும். பேச்சு குழறும், விழுங்க முடியாது. பதினைந்து, இருபது வருஷங்கள் இப்படி இழுத்துக்கொண்டு போய், முடிவு மரணம். அமெரிக்காவின் நாடோடிப் பாடகர் உடி கத்ரி 1967-ல் இறந்தது இந்த நோயால்தான்.

தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரக்கூடிய வாய்ப்பு சரி பாதி. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான். வராத பிள்ளை முழுக்கத் தப்பியது. அதன் சந்ததிக்கும் பயமில்லை. வருகிற பிள்ளைக்கோ, பிறந்த நாளிலேயே எழுதி வைத்தாகிவிட்டது. ஆனால் எழுதியிருப்பதை முப்பது நாற்பது வருஷங்களுக்கு யாரும் படிக்க முடியாது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்துவிடும்.

லியோனோரின் கணவர் மில்டன் வெக்ஸ்லர் மனோதத்துவ வைத்தியர். இருவரும் விவாகரத்துப் பெற்றுப் பிரிந்திருந்த சமயம் அது. இருந்தாலும் டாக்டரின் முடிவு வந்ததும் அவர்தான் இரண்டு மகள்களையும் அழைத்து உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். மூத்தவள் ஆலிஸ், இளையவள் நான்சி. இருவரும் இருபதுகளில் இருந்தார்கள். அம்மாவுக்கு இந்த நோய், மருந்து கிடையாது, உங்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி. பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று சகோதரிகள் இருவரும் முடிவு செய்தார்கள்.

நிச்சயமாக அடி விழும் என்றால்...

இந்தப் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் ஏதோ தனி விஷம் இருக்கிறது. அதை லண்டனில் ஒரு சோதனையில் பார்த்தார்கள்.

2016-ல் வெளிவந்த சோதனை அது. லண்டன் யுனிவர்சிடி காலேஜ் விஞ்ஞானிகள் 45 பேரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். திரையில் கல்லின் படம் வரும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். கல்லைப் புரட்டும்போது பாம்பு இருந்தால், விளையாடுகிறவரின் கையில் மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். ஆபத்தில்லாததுதான், ஆனால் வலிக்கும். எந்தக் கல்லில் பாம்பு அதிகம் என்பதை ஆட்டத்தின் நடுவே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். விளையாடுகிறவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் கருவிகள் அளந்தன.

கட்டாயம் வலிக்கப் போகிறது என்று தெரிந்தவர்தான் அதிகம் பதறுவார் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. நிச்சயம் அடி விழும் என்று அறிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி என்று இருந்தபோதுதான் உடம்பு அதிகம் பதறியது! வியர்வை கூடியது, கண்மணி விரிந்தது.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தவறிவிட்டோம் என்று தெரிந்த அன்று அழுதுவிட்டுத் தூங்குகிற பையன், தெரியாத ஒரு மாதமும் தூங்கியிருக்கமாட்டான். மதில்மேல் பூனை இந்தப் பக்கம் குதித்தாலும் அந்தப் பக்கம் குதித்தாலும் மனசு ஒருவழியாக அடங்கிவிடும். மதில்மேலேயே நடந்துகொண்டிருப்பதைத்தான் தாங்கமுடிவதில்லை.

சோதனையில் இன்னொரு விஷயமும் கிடைத்தது. பத்திரிகைகள் பாம்பையும் அதிர்ச்சியையும்தான் பெரிதாகப் போட்டன. இதுதான் உண்மையில் பெரிய சமாசாரம் என்று தோன்றுகிறது. சந்தேகம் கூடும்போது பதற்றமும் கூடி, சந்தேகம் குறையும்போது பதற்றமும் குறைந்ததே, அப்படிப்பட்டவர்கள்தான் பாம்பு இருக்கும் கல்லைச் சரியாக ஊகித்தார்கள். அப்படியானால் தெரியாததைக் கண்டு உடம்பு பதறுவது வெறும் கோழைத்தனம் அல்ல. கவனி, தெரிந்துகொள், அடுத்த தடவைக்குத் தயாராகு என்று உடம்பு மனசைத் தட்டி எழுப்புகிறது. தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும்வரை அந்தத் தட்டல் உபயோகமானது. தெரிந்துகொள்ள எதுவுமே இல்லாதபோது? அப்போதும் தட்டல் நிற்காது. அரைக்க நெல் இல்லாத மில்லைப் போல அது வெறுமே ஓடித் தன்னையே தேய்த்துக்கொள்ளும்.

ஹண்டிங்டன் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த நிலையில்தான் இருந்தார்கள். கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி விழுந்தால் போதும். மற்றவர்கள் குனிந்து துடைத்துவிட்டுப் போவார்கள். இவர்களோ, இதுதான் ஆரம்பமோ என்று கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் பயம். படியில் கால் இடறினால் பயம். கட்டிய மனைவி தன் நடையை உற்றுப் பார்ப்பது போல் ஒரு சந்தேகம்.

சில வீடுகளில் குடும்பமே ஜோசியம் சொல்லிவிடும். தகப்பன் ஜாடை யாருக்கு இருக்கிறதோ, தகப்பனைப் போல் கோபம் யாருக்கு வருகிறதோ, அந்தப் பிள்ளைக்குத்தான் வரும் என்று தாங்களாகவே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. அண்ணனுக்கு வந்துவிட்டது, அதனால் எனக்கு வராது என்று இருப்பவர்களும் உண்டு. போன தடவை எப்படி விழுந்தோம் என்பது காசுக்கு ஞாபகம் இராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது புதிதாகத்தான் சுண்டப்படுகிறது. இந்தத் தப்புக் கணக்குகளை அறியாமை என்று சிரிப்பது சுலபம். பாதிக்குப் பாதி என்பதை மனசு தாங்க மாட்டாமல், ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார இடம் தேடுகிறது, அவ்வளவுதான்.

ஏரிக்கரைக் குடிசைகள்

வெக்ஸ்லர் குடும்பம் வேறு விதமாகச் செய்தது. அந்த 1968-லேயே மில்டன் வெக்ஸ்லர் பரம்பரை நோய்களை ஆராய ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். இளம் விஞ்ஞானிகளைக் கூட்டி, தயாரித்த பிரசங்கம் எதுவும் வேண்டாம், வாய்க்கு வந்த யோசனையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். நான்சி மனோதத்துவம் படித்து 1974-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், தன்னைப் போலவே மதில்மேல் நிற்கும் ஹண்டிங்டன் குடும்பத்துப் பிள்ளைகள்.

தென் அமெரிக்காவில் வெனிஸுவேலா நாட்டில் மரக்காய்போ என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் மீன் பிடித்துப் பிழைக்கும் ஏழைக் கிராமங்கள். 1950-களில் அங்கே வேலைக்குப் போன அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற இளம் டாக்டர், தெருவில் பலர் தள்ளாடி நடப்பதைப் பார்த்து, குடிகாரர்கள் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். (லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரரை மட்டும் கோபித்துப் பயனில்லை.) ஊரார் அதை 'எல் மால்' என்றார்கள். 'கேடு' என்று பொருள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு ஹண்டிங்டன் நோய் நெருக்கமாகக் குடியிருந்த இடம் அது.

1979-ல் நான்சி அங்கே போனார். 1981 முதல் ஏறக்குறைய இருபது வருஷங்கள் ஒரு கோஷ்டியோடு வருஷா வருஷம் போனார். லகுனேட்டாஸ் என்ற ஊரில் வீடுகளே ஏரித் தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நின்றன, படகில்தான் போகவேண்டும். யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் பாட்டிக்கு நோய் இருந்தது என்று வீடு வீடாக விசாரித்து அவர்கள் வரைந்த வம்சாவளிப் படத்தில் 18,000-க்கும் அதிகமான பெயர்கள் சேர்ந்தன. 4,000 பேருக்கு மேல் ரத்தம் கொடுத்தார்கள்.

எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரிக்கு ஏன் ரத்தம் கொடுக்கவேண்டும் என்று ஜனங்கள் தயங்கினார்கள். நான்சியின் கையில் ஒரு தழும்பு இருந்தது. ஆராய்ச்சிக்காகத் தோலில் சிறு துண்டு வெட்டிக் கொடுத்ததன் அடையாளம். அந்தத் தழும்பைக் காட்டி, இவளுடைய தாய்க்கும் இதே நோய்தான், இவளும் உங்களைப் போலத்தான் என்று சொன்னபோது தயக்கம் போயிற்று.

தாயார் லியோனோர் 1978-லேயே இறந்துவிட்டார்.

வெனிஸுவேலாவிலிருந்து வந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் குசெல்லா என்ற இளம் விஞ்ஞானி தேடத் தொடங்கினார். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் ரோட்டில், மைல்கல் ஒன்றுகூட இல்லாமல், பெயர் தெரியாத ஒரு வீட்டைத் தேடுவது போன்ற வேலை அது. வீட்டைக் காணாவிட்டாலும், அதற்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது யோசனை. அந்த மரத்தைக் கண்டுபிடிக்கவே பல காலம் ஆகும் என்று அனுபவஸ்தர்கள் கையை விரித்தார்கள். 1983-லேயே குசெல்லா கண்டுபிடித்துவிட்டார்! நாலாவது குரோமோசோமில் இருந்தது அந்த அடையாளம். மரம் அகப்பட்டுவிட்டதே, வீடு நாளைக்கே அகப்படும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. நிச்சயமில்லாத காரியங்களில் அனுபவஸ்தர்களின் ஜோசியம் இரண்டு பக்கமும் பொய்த்தது.

1993-ல் ஜீன் கையில் சிக்கியது. அதற்குள்ளே மூன்று ரசாயன எழுத்துக்கள் சேர்ந்த ஒரு வார்த்தை, கீறல் விழுந்த கிராமபோன் பிளேட் மாதிரி, திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும் சில தடவை வரும். 26 தடவைக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. 40-ம் அதற்கு மேலும் இருந்தால், மனிதர் சாதாரண ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒரு சொட்டு ரத்தம் போதும்.

கதவு திறந்தது, ஆள் வரவில்லை

பக்கத்து மரத்தைக் கொண்டே ஊகித்துச் சொல்லும் பரிசோதனை 1986-லேயே சில ஆஸ்பத்திரிகளில் ஆரம்பமாகிவிட்டது. அதற்கு முன்னால், இப்படி ஒரு பரிசோதனை வந்தால் செய்துகொள்வீர்களா என்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டாயம் செய்துகொள்வோம் என்றார்கள். பரிசோதனை வந்தது. ஐந்தில் ஒருவர் அளவுக்கே வந்தார்கள். பல இடங்களில் அதுகூட இல்லை!

நிச்சயமின்மையே தாங்கமுடியாத வேதனை என்றால், அதைத் தீர்க்கும் மருந்தை வாசலில் கொண்டுவந்து வைத்தபோது ஏன் கையை இழுத்துக்கொண்டார்கள்?

காரணம் லேசானதுதான். பாதி பயம் இருக்கிற இடத்தில் பாதி நம்பிக்கையும் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் எழுந்தவர், ஒருவேளை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு பல் தேய்க்கலாம். சீட்டைப் பிரித்துவிட்டால் அந்த 'ஒருவேளை' போய்விடும். பிரித்த சீட்டை மறுபடி ஒட்ட முடியாது. நோய்க்கு மருந்தும் இல்லாதபோது, தெரிந்துகொண்டு என்ன செய்வது? அவர்களைப் பயங்கொள்ளிகள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பரிசோதனைக்காக அத்தனை வருஷம் பாடுபட்ட வெக்ஸ்லர் சகோதரிகளே, அது கைக்கு வந்தபோது தயங்கினார்கள். நான்சி பரிசோதித்துக்கொண்டாரா இல்லையா என்பதை வெளியே சொல்ல மறுத்து வந்தார். தான் ஒன்றைச் செய்தால், மற்றவர்களுக்கும் அதுவே சரி என்று ஆகிவிடுமே என்ற எண்ணம்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள்? கானடாவில் 135 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 37 பேருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 58 பேருக்குக் குறைவு என்று தெரிந்தது. மீதி 40 பேர், பரிசோதனையில் பதில் கிடைக்காதவர்கள் அல்லது வேண்டாம் என்று இருந்துவிட்டவர்கள். நல்ல செய்தி கிடைத்தவர்கள் ஒரு வருஷம் கழித்து நன்றாக இருந்ததில் ஆச்சரியமில்லை. கெட்ட செய்தி கேட்டவர்களும், பதிலே கிடைக்காத அந்த 40 பேரைவிடக் குறைந்த மனச்சோர்வோடு இருந்தார்கள்! லண்டன் கம்ப்யூட்டர் விளையாட்டில் கைக்கு நேர்ந்தது, இங்கே வாழ்க்கைக்கே நேர்ந்திருக்கிறது.

இதை வைத்து எல்லோரும் ஓடிப்போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று சொல்வது அவசரம். பரிசோதனைக்கு வந்தவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். தாங்க முடியும் என்று தங்களை அறிந்தவர்கள். எல்லோருக்கும் சுகமாக முடிந்துவிடவும் இல்லை. பல நாடுகளில் பரிசோதித்துக்கொண்ட 4,527 பேரைப் பற்றி 1999-ல் விவரம் சேர்த்தபோது, 44 பேர் விஷயத்தில் விபரீதம் நடந்திருந்தது. மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், தற்கொலைக்கு முயன்றவர்கள். ஐந்து பேர் இறந்தே போனார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லைதான். ஆனாலும் அந்தந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு.

இன்னொரு விசித்திரம், நல்ல செய்தி கேட்டவர்களிலும் சிலர் நிலைகுலைந்து போனார்கள். எப்படியும் நாற்பதில் போய்விடுவோம் என்று கல்யாணமோ பிள்ளையோ வேண்டாம் என்று இருந்தவருக்கு, உனக்கு ஒன்றுமில்லை, எண்பது வயது வரை இரு என்று சொன்னால் திகைக்காமல் என்ன செய்வார்? தம்பி படுக்கையில் கிடக்க, தான் மட்டும் தப்பியதை நினைத்துக் கூசியவர்களும் உண்டு. பயத்தோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு, அது திடீரென்று காலி செய்துகொண்டு போனால் வீடே வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

ஆலோசனை அறையில்

அதனால்தான் இந்தப் பரிசோதனைக்கு ஒரு முறை வகுத்தார்கள். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் சீட்டு வாங்கிக்கொண்டு போகிற காரியமாக அது இல்லை. பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பதினெட்டு வயதுக்குக் கீழே, நோய்க்குறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்குச் செய்வதில்லை. பெற்றோர் கேட்டாலும் சரி. வருகிறவர் நம்பிக்கையான ஒரு துணையோடு வரவேண்டும். ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும்.

என்ன பேசுவார்கள்? பயப்படாதே, கடவுள் இருக்கிறார் என்று முதுகைத் தட்டுகிற பேச்சு அல்ல. இருக்கிறது என்று வந்தால் அன்று இரவு எங்கே இருப்பீர்கள்? கூட யார்? முதலில் யாரிடம் சொல்வீர்கள்? யாரிடம் சொல்லக்கூடாது? வேலை, இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? இல்லை என்று வந்தால், நோய் உள்ள தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? இப்படி இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். மொத்தமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம், பேசப் பேசச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைகிறது. அவற்றில் பலவற்றுக்கு இன்றே பதில் சொல்ல முடியும். வெறுமே ஓடிக்கொண்டிருந்த மில்லுக்கு நெல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பேசிவிட்டு, பரிசோதனை வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. அது தோல்வியாகக் கருதப்படுவதில்லை. ரத்தம் கொடுத்த பிறகும், முடிவு தயாராகி மேஜைமேல் இருக்கும்போதும்கூட, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் வற்புறுத்தக்கூடாது.

இன்னும் சிலருக்கு நடுவில் ஒரு வழி. வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பு வைத்தியரிடம் போய்க் காட்டிக்கொள்வார்கள். இன்றைய தேதியில் உங்கள் உடம்பில் நோய்க்குறி எதுவும் இல்லை என்று அவர் சொல்வார். டம்ளர் நழுவியது டம்ளர் நழுவியதுதான் என்று தெரிந்துகொள்ள அது போதும். முழு வாழ்க்கைக்கு இல்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்கு நிச்சயம்.

பிள்ளை வேண்டும், ஆனால் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்கிற தம்பதிகளுக்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கருவைச் சோதனைக் கூடத்தில் உண்டாக்கி, நோய் இல்லாத கருவை மட்டும் தாயின் வயிற்றில் வைப்பார்கள். எத்தனை கரு நோயுள்ளது, ஒன்றாவது இருந்ததா என்பதைப் பெற்றோருக்குச் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு நிச்சயம், தகப்பனுக்குப் பழையபடியே பூவா தலையா.

இவ்வளவு இருந்தும் முடிச்சுகள் விழத்தான் செய்கின்றன. பாட்டனாருக்கு நோய். தகப்பனார் பரிசோதித்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். இருபது வயது மகன் தனக்குத் தெரியவேண்டும் என்கிறான். மகனுக்கு இருக்கிறது என்று வந்தால், தகப்பனாருக்கும் இருக்கிறது என்று ஆகிவிடும். அவரைக் கேட்காமலே அவருடைய சீட்டைப் பிரித்தாயிற்று. ஒரே மாதிரியான இரட்டையர்களில் ஒருவர் மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினாலும் இதே சங்கடம். தெரிந்துகொள்ள உரிமை உண்டு, தெரியாமல் இருக்கவும் உரிமை உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தால் யாருக்கு முன்னுரிமை? இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடிப் புண்ணியமில்லை. தகப்பனையும் மகனையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள்.

முடிவு வந்த பிறகாவது எல்லாம் தெளிந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. அந்த வார்த்தை 36 முதல் 39 தடவை வந்திருந்தால், நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தாண்டியவருக்கும், எந்த வயதில் வரும் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் இன்னொரு மூடிய கதவு.

2020-ல் ஒரு செய்தி

மில்டன் வெக்ஸ்லர் 2007-ல் தமது 98-வது வயதில் காலமானார். ஆலிஸ் சரித்திர ஆசிரியை ஆனார். தங்கள் குடும்பத்தின் கதையை 1995-ல் புத்தகமாக எழுதினார்.

நான்சி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்தார். வருஷங்கள் போகப் போக, அவருடைய நடையிலும் கை அசைவிலும் மாறுதல் தெரிந்தது. தெரிந்தவர்கள் பார்த்தார்கள், வாய் திறந்து கேட்கவில்லை. 2020 மார்ச்சில், தமது 74-வது வயதில், தமக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பதை அவரே பத்திரிகை மூலம் அறிவித்தார். தகப்பனார் அந்தக் கணக்கைச் சொன்ன நாளிலிருந்து 52-வது வருஷம். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் கழித்த காலத்தில்தான் அவர் ஏரிக்கரைக்கு இருபது தடவை போனார், ஜீனைத் தேடியவர்களை ஒன்று சேர்த்தார், பரிசோதனைக்கு வருகிறவர்களை எப்படி நடத்தவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

2025 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஒரு ஜீன் சிகிச்சை, மூன்று வருஷத்தில் நோயின் வேகத்தைக் கணிசமாகக் குறைத்திருப்பதாக அறிவித்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் சிலரே; இன்னும் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால், மருந்தே இல்லாதபோது தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று இதுநாள்வரை சீட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்கள், அதைக் கையில் எடுத்து மறுபடியும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.